வறண்ட குளிரில் பூந்தோட்டம்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி?

குளிர்காலத்தில் தோட்டத்தில் ஏதோ ஒரு செடி பழுப்பாகத் தெரிந்தால் போதும், கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடும். முதல் வேலையாக அதை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். குளிரில் போன செடிகளைவிட, செத்துவிட்டது என்று நானே முடிவுகட்டி வெட்டிப் போட்ட செடிகள்தான் என் கணக்கில் அதிகம்.

வறண்ட குளிரின் சுபாவம் தனி. மூட்டமும் தூறலுமாக இருக்கும் குளிரில் செடி அழுகிச் சாகும். வானம் பளிச்சென்று இருந்து, பனிப்பொழிவு குறைந்து, காற்று விடாமல் வீசும் இடத்தில் காய்ந்து சாகும். மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் காற்று, முழுக்க ஈரமாக இருந்தாலும் கன மீட்டருக்குச் சுமார் 2 கிராம் நீராவிதான் வைத்திருக்கும். 20 டிகிரியில் அதே காற்றால் 17 கிராம் வைத்திருக்க முடியும். அப்படிப்பட்ட வறண்ட காற்றில் வெயில் பட்டுச் சூடாகும் இலை, தன் நீரை விட்டுக்கொண்டே இருக்கும். கீழே மண் கல்லாக உறைந்திருந்தால் வேரால் ஒரு சொட்டும் எடுத்துத் தர முடியாது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தத் தாகம்தான் காரணம். குளிர் அதற்குத் துணை நிற்கிறது, அவ்வளவுதான்.

எதையும் தொடும் முன் இரண்டு சோதனை

முதலாவது சுரண்டல். பென்சில் கனமுள்ள குச்சியைப் பிடித்து, நகத்தால் மேல்தோலை ஒரு அரிசி நீளத்துக்கு மட்டும் சுரண்டுங்கள். உள்ளே வெளிர்பச்சையாக, லேசாகப் பிசுபிசுத்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த வைக்கோல் நிறமாக இருந்தால் அந்த இடம் போய்விட்டது. ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி சுரண்டிப் பாருங்கள். நுனி செத்து அடி உயிரோடு இருப்பது சகஜம். உறைந்து விறைத்திருக்கும் நேரத்தில் சுரண்டினால் நிறம் ஏமாற்றும். வெயில் ஏறி, கிளை கொஞ்சம் இளகிய பிறகு பாருங்கள்.

இரண்டாவது மண். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றைச் செடியின் அடியில் குத்துங்கள். இரண்டு விரற்கடையிலேயே டொக்கென்று நின்றால் மண் உறைந்திருக்கிறது. இப்போது தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. 15 சென்டிமீட்டர் வரை இறங்கி, வெளியே எடுக்கும்போது கம்பியில் மண் ஒட்டியிருந்தால் ஈரம் போதும். தூசி மட்டும் படிந்து வந்தால் செடி தாகத்தில் இருக்கிறது.

அறிகுறி: இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் காய்கின்றன

பாக்ஸ்வுட், ரோடோடெண்ட்ரான், ஹாலி போன்ற இலையுதிராச் செடிகளில் இது வரும். செடியைச் சுற்றி ஒரு நடை நடந்து, எந்தப் பக்கம் பழுப்பு என்று பாருங்கள். காற்றடிக்கும் பக்கமும் மதிய வெயில் விழும் பக்கமும் கருகி, சுவரோரப் பக்கம் பச்சையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், குளிர்கால வறட்சிதான். பழுப்பு திட்டுத்திட்டாக எல்லாப் பக்கமும் சிதறியிருந்தால் நோயாகவோ பூச்சியாகவோ இருக்கலாம். சாலையைப் பார்த்த பக்கம் மட்டும் என்றால் உப்பு. அதைப் பின்னால் பார்ப்போம்.

தண்ணீர் ஊற்ற நாள் பார்க்க வேண்டும். காற்றின் வெப்பம் 4 டிகிரிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும், மண் உறையாமல் இருக்க வேண்டும், தரையில் பனி மூடியிருக்கக் கூடாது. காலை பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு ஊற்றினால் இரவு உறைவதற்குள் நீர் கீழே இறங்கிவிடும். சாயங்காலம் ஊற்றினால் தண்டைச் சுற்றிப் பனிக்கட்டி வளையம் ஒன்று கட்டிக்கொள்ளும். மழையோ பனியோ இல்லாத மாதங்களில் மாதம் ஒன்றிரண்டு முறை போதும். இடுப்புயரம் வளர்ந்த புதருக்கு ஒரு தடவைக்குச் சுமார் 20 லிட்டர். அதைத் தண்டின் அடியில் கொட்டாமல், கிளைகள் பரவியிருக்கும் விளிம்பு வரை மெதுவாக விடுங்கள். அந்த ஆண்டு நட்ட செடிக்குத்தான் முதல் உரிமை. அதன் வேர் இன்னும் பழைய தொட்டி மண்ணைத் தாண்டியிருக்காது. வேலை முடிந்ததும் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றி நீரை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் செடி பிழைக்கும், குழாய் வெடிக்கும்.

"போன வாரம்தானே பனி பெய்தது, தண்ணீர் எதற்கு?" என்று தோன்றும். பத்து சென்டிமீட்டர் பனி உருகினால் கிடைப்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீர். வறண்ட இடத்தில் பெய்யும் மாவுப் பனியில் அதுவும் கிடைக்காது. அதிலும் ஒரு பங்கு உருகாமலே ஆவியாகிப் போய்விடும். உறைந்த தரைமேல் உருகுவது வேருக்குப் போகாமல் வழிந்தோடிவிடும். ஆகவே பனி பெய்தது என்று கணக்கு எழுதாதீர்கள், ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள்.

காற்றைத் தடுக்க, செடியிலிருந்து ஒரு அடி தள்ளிக் கம்பு நட்டுச் சணல் சாக்கை வேலிபோல் கட்டுங்கள். பிளாஸ்டிக் தாள் சுற்றவே கூடாது. பகலில் உள்ளே வெந்து, இரவில் உறைந்து, இரண்டு வேதனையும் செடிக்கு. இலைமேல் மெழுகுப் படலம் போடும் தெளிப்பான்களும் விற்கிறார்கள். அவற்றின் பலன் ஒரே மாதிரி இருப்பதில்லை. நான் அந்த நேரத்தைத் தண்ணீருக்குச் செலவிடுவேன்.

கருகிய இலைகளை இப்போது பிய்க்காதீர்கள். மொட்டு பெரும்பாலும் உயிரோடு இருக்கும், வசந்தத்தில் புதுத்தளிர் வந்து பழையதைத் தள்ளிவிடும். வராத நுனியை அப்போது கவாத்து செய்துகொள்ளலாம்.

அறிகுறி: இலைகள் சுருட்டுபோல் சுருண்டு தொங்குகின்றன

ரோடோடெண்ட்ரான் என்றால் பதற வேண்டாம். குளிர் உறைநிலைக்கு நன்றாகக் கீழே போனதும் அது இலைகளைத் தொங்கவிட்டு நீளவாக்கில் சுருட்டிக்கொள்ளும். வெயில் ஏறினால் தானாக விரியும். வாசலருகே ஒன்று இருந்தால் தெர்மாமீட்டரே தேவையில்லை. வெப்பம் ஏறி இரண்டு நாள் ஆகியும் விரியவில்லை என்றால்தான் மண்ணைச் சோதிக்க வேண்டும்.

இதேபோல் ஹியூகெரா, செடம் இலைகள் ஊதாவாக மாறுவதும், பாக்ஸ்வுட் செம்புநிறம் காட்டுவதும் குளிரும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை. இலை வளைந்துகொடுத்தால் நலம், நொறுங்கினால்தான் கோளாறு. பான்சிப் பூச்செடி காலையில் வேகவைத்த கீரைபோல் படுத்திருந்தாலும் பத்து மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடும். உறைந்திருக்கும்போது அதைத் தொட்டால்தான் இலை உடையும், அதனால் கை வைக்காமல் இருப்பதே வைத்தியம்.

அறிகுறி: செடி மண்ணைவிட்டு மேலே எழும்பி, வேர் தெரிகிறது

நேற்றுவரை மண்ணோடு மண்ணாக இருந்த ஹியூகெரா, இன்று காலை யாரோ பிடுங்கி வைத்ததுபோல் இரண்டு அங்குலம் உயரத்தில் நிற்கும். நாயையோ அணிலையோ திட்டுவதற்கு முன் அடியில் பாருங்கள். சுற்றிலும் மண் வெடித்து, இடுக்கில் ஊசி ஊசியாகப் பனிக்கட்டி தெரியும். மண் உறையும்போது கீழிருந்து நீரை இழுத்துப் படலம் படலமாகப் பனி வளர்ந்து, மேலே உள்ளதைத் தூக்குகிறது. பகலில் இளகி இரவில் உறைய, ஒவ்வொரு சுற்றிலும் செடி கொஞ்சம் ஏறும். ஆனால் பழைய இடத்துக்கு இறங்காது. பகல் வெயிலும் இரவுக் கடுங்குளிரும் மாறி மாறி வரும் வறண்ட பகுதிகளில் இந்தத் தொல்லை அதிகம். களிமண், வண்டல் பாத்திகளில் கூடுதலாகவும் மணற்பாங்கான மண்ணில் குறைவாகவும் வரும். பின்பருவத்தில் நட்ட செடிகளும் கெய்லார்டியா, ஸ்கேபியோசா போன்றவையும் எளிதில் தூக்கப்படும்.

உறைந்த நிலையில் காலால் மிதித்து உள்ளே தள்ளினால் வேர் அறுந்துபோகும். மண் இளகிய மதியம் வரட்டும். வேர்க்கட்டி மொத்தமும் லூசாக இருந்தால் இரண்டு கையாலும் மெதுவாக அழுத்தி உட்கார வையுங்கள். அசையவில்லை என்றால் அழுத்த வேண்டாம். உயர்ந்து நிற்கும் வேரைச் சுற்றி மண்ணும் மக்கிய உரமும் குவித்து மூடி, கொஞ்சம் நீர் விடுங்கள். வெளியே தெரியும் வேர் ஒரே வெயில் காற்றில் காய்ந்துவிடும், ஆகவே இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். முறையாக நடுவதற்கு வசந்தம் இருக்கிறது.

அடுத்த ஆண்டுக்கு மூடாக்கு. காய்ந்த இலை, மரப்பட்டைத் துகள், வைக்கோல் எதுவானாலும் 5 முதல் 10 சென்டிமீட்டர் கனம். எப்போது போடுகிறோம் என்பதில்தான் பலரும் தவறுவது. செடிக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று இலையுதிர் காலத்திலேயே போட்டுவிடுகிறோம். மூடாக்கின் வேலை உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருப்பது. ஆகவே தரை இறுகிய பிறகு போடுங்கள். முன்னாலேயே போட்டால் எலிகளுக்குத்தான் கதகதப்பு.

அறிகுறி: கிழங்குப் பூக்கள் பருவத்துக்கு முன்பே முளைத்துவிட்டன

நடுக்குளிரில் நான்கு நாள் வெயிலடித்ததும் டாஃபோடில், ட்யூலிப் குருத்துகள் எட்டிப்பார்க்கும். இலைக்கு ஆபத்து இல்லை, நுனி கொஞ்சம் பழுக்கும், அவ்வளவே. பூமொட்டு இன்னும் கிழங்குக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். அதன்மேல் மண்ணை அள்ளிக் கொட்டி மறுபடி புதைக்க வேண்டாம். குருத்தைச் சுற்றிக் காய்ந்த இலைகளைத் தளர்வாகத் தூவினால் மண் சூடாவது குறைந்து வளர்ச்சி தாமதமாகும்.

ஆண்டுதோறும் ஒரே இடத்தில் இப்படி நடந்தால் இடத்தைப் பாருங்கள். வெயில் வாங்கும் சுவரோரமாக இருக்கும், அல்லது கிழங்கு மேலாக நடப்பட்டிருக்கும். ட்யூலிப்பை 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் நட வேண்டும்.

மறுபக்கம், கிழங்கு நட்ட இடத்தில் குழியும் தோலும் மட்டும் மிஞ்சியிருந்தால் அணிலோ எலியோ விருந்துண்டு போயிருக்கிறது. ட்யூலிப்பும் குரோக்கஸும் அவற்றுக்குப் பிரியம். டாஃபோடில் கிழங்கில் நச்சு உண்டு, அதைத் தொடாது. புதிதாகக் கிளறிய மண்மேல் கம்பி வலை பரப்பி, தரை உறைந்ததும் எடுத்துவிடலாம்.

அறிகுறி: ரோஜாத் தண்டுகள் கறுத்துவிட்டன

ரோஜா வைத்திருப்பவர்கள் அதிகம் கலங்கும் இடம் இது. பாதி தண்டு கறுத்து, பாதி ஊதாவாகி, நடுவில் எங்கோ பச்சை தெரியும். இப்போது வெட்டினால் இரண்டு கெடுதல். வெட்டிய வாயிலிருந்து தண்டு மேலும் காயும்; நடுவில் ஒரு வாரம் வெப்பம் ஏறினால் புதுத்தளிர் கிளம்பி அடுத்த உறைபனியில் கருகும். காற்றில் ஆடி அடிவேரை அசைக்கும் நெடுந்தண்டுகளை மட்டும் இடுப்புயரத்துக்குக் குறைத்துக் கட்டிவையுங்கள்.

ஒட்டு ரோஜா என்பது பூக்கும் ரகத்தை வேறொரு ரோஜாவின் வேருள்ள அடிச்செடிமேல் ஒட்டி வளர்த்தது. அதில் காப்பாற்ற வேண்டியது தண்டை அல்ல, தரையருகே முண்டுபோல் இருக்கும் ஒட்டுப்பகுதியை. இரண்டு மூன்று கடும் உறைபனி விழுந்த பிறகு, அதன்மேல் 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண்ணைக் குவியுங்கள். மண்ணை வேறு இடத்திலிருந்து எடுத்து வாருங்கள். செடியைச் சுற்றியே தோண்டினால், மேலே போர்த்திக் கீழே வேரைத் திறந்துவிட்ட கதையாகிவிடும்.

மொட்டுகள் பருத்துச் சிவக்கும்போது கவாத்துக்கு நேரம் வந்துவிட்டது. மேலிருந்து சிறிது சிறிதாக வெட்டி, வெட்டுவாயைப் பாருங்கள். நடுச்சோறு பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே போங்கள்; வெண்மையாக வந்ததும் நிறுத்துங்கள். சில ஆண்டுகளில் தரைவரை போக வேண்டிவரும். ஒட்டுக்கு மேலிருந்து ஒரு குருத்து வந்தாலும் அந்த ஆண்டே பூக்கும். எல்லாக் குருத்தும் ஒட்டுக்குக் கீழிருந்துதான் வருகிறது, இலையின் சாயலும் மாறியிருக்கிறது என்றால் மேல்ரகம் போய்விட்டது, மிஞ்சியது அடிச்செடி.

இவ்வளவு சேதம் வருவதற்கு முந்தைய கோடைக் கடைசியில் போட்ட உரமும் காரணமாக இருக்கும். தழைச்சத்து மிகுந்த உரத்தை முதல் உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் முற்றாத இளந்தண்டோடு செடி குளிருக்குள் நுழையும்.

அறிகுறி: கிளை துண்டாகியிருக்கிறது, அல்லது பட்டை உரிந்திருக்கிறது

வெட்டைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடலாம். கத்தியால் சீவியதுபோல் சாய்வாகவும் சுத்தமாகவும் இருந்தால் முயல். நார்நாராகக் கிழிந்திருந்தால் மான்; அதற்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கடித்துப் பிய்த்துத்தான் எடுக்கும். பனி விலகியதும் தண்டின் அடியில் நுண்ணிய பல்தடங்களோடு வளையமாகப் பட்டை காணாமல் போயிருந்தால் வயல் எலி. பனிக்கடியிலேயே வழி போட்டுக்கொண்டு குளிர் முழுக்கக் கொறிக்கும்.

பட்டை ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் விட்டுவிடுங்கள், தண்டு தானே ஓரம் கட்டி மூடிக்கொள்ளும். சுற்றுமுழுக்கப் போயிருந்தால் அதற்கு மேலுள்ள பகுதி பிழைக்காது. புதர் வகையானால் அடியிலிருந்து புதிதாகக் கிளைக்கும் வாய்ப்பு உண்டு. ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையை, தண்டிலிருந்து சற்றுத் தள்ளி உருளையாக நட்டு, அடியைச் சில சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதைப்பதே நிலைத்த தீர்வு. பனி எவ்வளவு ஏறுமோ அதற்கு மேல் ஒன்றரை அடி உயரம் வேண்டும், ஏனென்றால் முயல் பனிமேல் ஏறி நின்று சாப்பிடும். மூடாக்கைத் தண்டில் முட்ட விடாமல் ஒரு சாண் தள்ளியே நிறுத்துங்கள்.

பல்தடமே இல்லாமல், இளமரத்தின் மதிய வெயில் பக்கத்தில் மட்டும் பட்டை நீளமாக வெடித்திருந்தால் அது வெயிலின் வேலை. பகலில் சூடாகி விழித்துக்கொண்ட பட்டை, வெயில் இறங்கியதும் சட்டென்று உறைந்து செத்துப்போகிறது. வெண்ணிறச் சுற்றுத்துணி ஒன்றை இலையுதிர் காலக் கடைசியில் சுற்றி, வசந்தத்தில் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். மறந்தால் பூச்சிகள் குடியேறும்.

அறிகுறி: சாலை அல்லது நடைபாதைப் பக்கம் மட்டும் கருகல்

பனி உருக்கப் போடும் உப்பு. குளிர் முடிந்து மண் இளகியதும் இரண்டு மூன்று முறை தாராளமாக நீர் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்குங்கள். உங்கள் நடைபாதைக்கு மணல் போடுங்கள். உப்பு கலந்த பனியை வாரிப் பாத்திமேல் கொட்டாதீர்கள். நல்ல பனியானால் தாராளமாகக் கொட்டலாம், அதைவிட நல்ல போர்வை இல்லை.

அறிகுறி: தொட்டி வெடித்தது, தொட்டிச் செடி எழவே இல்லை

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். மண்தொட்டி அதற்கு இடம் கொடுக்காது. ஆனால் தொட்டியைவிடச் செடியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். தரையில் இருக்கும் வேருக்குப் பூமியின் சூடு உண்டு. தொட்டியில் நாலாபக்கமும் குளிர். மைனஸ் 20 டிகிரியைத் தண்டு தாங்கும் செடியில்கூட, வேர் மைனஸ் 10 டிகிரியிலேயே சாகலாம். தொட்டியோடு பாத்தியில் புதைத்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. முடியாவிட்டால் சூடேற்றாத கொட்டகைக்குள் தள்ளுங்கள், அல்லது சுவரோரம் எல்லாத் தொட்டிகளையும் நெருக்கி வைத்துச் சுற்றிலும் காய்ந்த இலை மூட்டைகளை அடுக்குங்கள். கொட்டகையில் வைத்ததை மறந்துவிடுகிறோம். மாதம் ஒருமுறை, மண் இளகிய நாளில், ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள். கொட்டகையில் செத்தவை பலவும் குளிரில் சாகவில்லை.

அறிகுறி: வீட்டுக்குள் கொண்டுவந்த செடி இலையைக் கொட்டுகிறது

செம்பருத்தி, மல்லிகை, காகிதப்பூ, ஜெரேனியம் எல்லாம் உள்ளே வந்த முதல் மூன்று வாரம் இலை உதிர்க்கும். எவ்வளவு வெளிச்சமான ஜன்னலானாலும் வெளியே கிடைத்ததில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. அந்த வெளிச்சத்துக்குத் தக்கபடி செடி இலையைக் குறைத்துக்கொள்கிறது. இந்த நேரத்தில் தண்ணீரையும் உரத்தையும் கூட்டினால் வேர் அழுகும். மேல்மண் ஒரு விரற்கணு காய்ந்த பிறகே நீர், வசந்தம் வரை உரம் வேண்டாம்.

இலை உதிர்வதற்கு முன் மங்கி, பொடிப்பொடியாக வெளிர்புள்ளி விழுந்திருந்தால் கதை வேறு. வெள்ளைக் காகிதம் ஒன்றை இலைக்கடியில் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். காகிதத்தில் விழுந்த மிளகுத்தூள் மெல்ல நடக்கிறதா? செஞ்சிலந்தி. இலைக்கும் காம்புக்கும் நடுவே நூலாம்படையும் தெரியும். மைனஸ் 10 டிகிரிக் காற்றை உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடேற்றினால் அதன் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். செஞ்சிலந்திக்கு வேண்டியது இந்த வறண்ட சூடுதான். செடியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், இலையின் அடிப்பக்கம் படும்படி நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று வாரம் விடாமல். முட்டை பொரிந்துகொண்டே இருக்கும், ஒரே கழுவலில் முடியாது. அதற்கும் அடங்கவில்லை என்றால் செடிகளுக்கென்றே விற்கும் சோப்புக் கரைசலைத் தெளியுங்கள். ஹீட்டருக்கு அருகிலிருந்து நகர்த்தாமல் இதையெல்லாம் செய்து பயனில்லை. இலைமேல் தினமும் லேசாக நீர் தூவுவது நமக்கு மனத்திருப்தி தரும்; பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும்.

அறிகுறி: எடுத்து வைத்த கிழங்கு சுருங்குகிறது அல்லது குழைகிறது

டேலியா, கல்வாழைக் கிழங்குகளை மாதம் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். சுருங்கியிருந்தால் இடம் அதிகம் வறண்டிருக்கிறது. அவை கிடக்கும் வெர்மிகுலைட் (ஈரம் பிடித்துவைக்கும் லேசான கனிமத் துகள்) அல்லது மரத்தூள்மேல் நீரைத் தெளித்து லேசாகப் பதமாக்குங்கள். குழைந்து வாடையடித்தால் ஈரமோ சூடோ மிகுதி. அழுகிய துண்டை நல்ல சதை வரும்வரை வெட்டி, ஒரு நாள் காயவிட்டு, மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். டேலியாவுக்கு 4 முதல் 10 டிகிரி வரை ஒத்துவரும். கிளேடியோலஸ் இவற்றைப்போல் அல்ல. அதற்கு ஈரமே ஆகாது. நன்றாகக் காயவைத்து வலைப்பையில் காற்றாடத் தொங்கவிட வேண்டும்.

வசந்தத்தில்தான் தெரியும் இரண்டு அறிகுறிகள்

செடி தழைக்கிறது, பூ மட்டும் வரவில்லை. பெரிய இலை ஹைட்ராஞ்சியா அடுத்த ஆண்டின் பூமொட்டைக் கோடையிலேயே பழைய தண்டில் கட்டிவிடும். தண்டு குளிரில் கருகினால், அல்லது நாமே இலையுதிர் காலத்தில் அழகுபார்த்து வெட்டினால், வேரிலிருந்து பச்சைப் பசேலென்று தழை வரும், பூ வராது. ஃபோர்சித்தியா இதைப் படம் போட்டே காட்டும். ஒரு வசந்தத்தில் எங்கள் ஃபோர்சித்தியா முழங்கால் உயரம் வரை மஞ்சள் பாவாடை கட்டியதுபோல் பூத்து, அதற்கு மேல் வெறும் குச்சியாக நின்றது. அந்த முழங்கால் உயரம்தான் பனி மூடியிருந்த அளவு. பூமொட்டுக்கு இலைமொட்டின் தாங்குசக்தி கிடையாது. பனிக்குள் இருந்தது தப்பியது, வெளியே நின்றது போயிற்று. ஹைட்ராஞ்சியாவைச் சுற்றிக் கம்பிக் கூண்டு வைத்து உள்ளே காய்ந்த இலையை நிரப்புங்கள், அல்லது புதுத்தண்டில் பூக்கும் பேனிக்குலாட்டா, ஆர்போரெசென்ஸ் வகைகளுக்கு மாறிவிடுங்கள். நான் மாறிவிட்டேன்.

இரண்டாவது, செடி வரவே இல்லை. எல்லாம் துளிர்த்து முடிந்தும் ஒரு இடம் மட்டும் மொட்டையாக இருக்கும். ஹைபிஸ்கஸ் மோஸ்கியூட்டஸ் என்ற குளிர் தாங்கும் செம்பருத்தி, பலூன் பூ, நீலப்பூ விடும் செரட்டோஸ்டிக்மா ஆகியவை மற்றதெல்லாம் பூக்கத் தொடங்கிய பிறகும் மண்ணுக்குள் தூங்கும். கடைசி உறைபனி போய் ஒன்றரை மாதம் ஆகும்வரை அந்த இடத்தில் மண்வெட்டி படக் கூடாது. செம்பருத்தி செத்துவிட்டது என்று ஒருமுறை தோண்டிப் பார்த்தேன். கட்டியைப் புரட்டியதும் அடியில் விரல்கனத்தில் மூன்று வெள்ளைக் குருத்துகள். அவற்றில் இரண்டை மண்வெட்டி ஏற்கெனவே வெட்டியிருந்தது. மிச்சம் ஒன்றோடு திரும்ப நட்டேன். அந்த ஆண்டு மூன்று பூ. இப்போதெல்லாம் இலையுதிர் காலத்தில் அதன் காய்ந்த தண்டை ஒரு சாண் உயரத்துக்கு விட்டுத்தான் வெட்டுகிறேன், அங்கே ஆள் இருக்கிறது என்று எனக்கே நினைவூட்ட.